ஜூலையில் மணலில் இருப்பவர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.

அபுதாபியில் ஒரு நண்பர் வீட்டுக் கொலுவில் சுண்டலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "சாட்டிலைட் எடுக்கிற படத்தைப் பார்த்து, தரையில எது எது மாறியிருக்குன்னு சொல்லணும் சார்" என்றார். சும்மா பார்ப்பதற்கா சம்பளம் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகம் கேட்டிருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டு, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றார். கதை எழுதுகிறேன் என்றேன். "அதுவும் இதேதானே சார், எது மாறிச்சுன்னு பார்க்கிறது" என்று சொல்லிவிட்டுத் தொன்னையோடு போய்விட்டார்.

பல வருடங்களாக எழுதுகிறேன். என் தொழிலுக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கம் எனக்குத் தோன்றியதே இல்லை. வயிறு எரிந்தது. சுண்டலிலும் காரம் கொஞ்சம் தூக்கல்.

அந்தப் பெண்மணி சம்யுக்தா இல்லை. சம்யுக்தாவை நான்தான் செய்தேன். அந்த வேலையை மட்டும் அவரிடமிருந்து சொல்லாமல் எடுத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: "விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமி ஒரு நீலப்"

[போதும். இப்படித் தொடங்கும் கதையை நானே இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டேன்.]

தொடக்கம் இரண்டு: "பாலைவனம் அவளிடம் பேசியது."

[பேசாது. முசஃபா பக்கம் போய் நின்று பாருங்கள். கராஜ்களும் பட்டறைகளும் நிறைந்த அந்த இடத்தில் பேசுவதெல்லாம் பின்னோக்கி வரும் லாரிகள்தான்.]

தொடக்கம் மூன்று: "சம்யுக்தா ஒரு ஊரைக் கண்டுபிடித்த அன்று காலை இட்லி வேகவில்லை."

இது தேவலாம். ஊர் இருக்கிறது, இட்லி இருக்கிறது, ஏதோ சரியில்லை என்ற செய்தியும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சம்யுக்தா ஒரு ஊரைக் கண்டுபிடித்த அன்று காலை இட்லி வேகவில்லை. வெந்தவரைக்கும் டப்பாவில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். மதுரைப் பெண், முப்பத்தைந்து வயது, அபுதாபியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. கணவர் அர்ஜுன், மகள் அனன்யா. இருவரும் நல்லவர்கள். கதையில் அவர்களுக்கு வேலை இல்லாததால் பெயர் சொன்ன மரியாதையோடு அனுப்பிவைக்கிறேன்.

தரை மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. அன்று எடுத்த படம் ஒன்று, இன்று எடுத்த படம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பார்கள். கல்யாண ஆல்பத்தையும் மாப்பிள்ளையின் இன்றைய தொப்பையையும் ஒப்பிடுகிற மாதிரி. மாறியது தெரியும், எப்போது, எப்படி என்று தெரியாது. சம்யுக்தாவின் குழு வேறு வழி பிடித்தது. சில நாட்களுக்கொரு முறை தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோள், தரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் படம் எடுக்கிறது. ஒரு சதுரம் ஏறக்குறைய ஒரு வீட்டு மனை அளவு. ஒவ்வொரு சதுரத்துக்கும் வருடம் முழுக்க என்ன பழக்கம் என்று அவளுடைய கணினி நிரல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழக்கம் மாறியிருந்தால் கத்தும். பிறகு அந்தச் சதுரத்துக்கு எட்டு நிறங்களில் ஒன்றைப் பூசும். கட்டடம் என்றால் சிவப்பு, மணல் என்றால் வெளிர் மஞ்சள், அலையாத்திக் காடு என்றால் கரும்பச்சை, இப்படி.

வீட்டில் ஒரு டம்ளர் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும் என்பதால் குழுவில் அந்த நிரலுக்கு 'மாமியார்' என்று பெயர்.*

* மாமியார்கள் மன்னிக்கவும். இந்தப் பெயரை வைத்தவள் சம்யுக்தா, நான் இல்லை. [அவளைச் செய்தவன் நான் என்பதை முதல் பகுதியில் சொல்லியிருக்கக் கூடாது.]

4

அன்று காலை மாமியார் கத்தினாள். குவைத் பாலைவனத்தில் நவம்பரில் சிவப்புப் புள்ளிகள் முளைத்திருக்கின்றன. ஜனவரிக்குள் வரிசை வரிசையாக ஊராகிவிட்டது. மார்ச் முடிவதற்குள் ஒரு புள்ளி மிச்சமில்லை. திரையில் பெரிய எழுத்தில் ஒரே வரி: கட்டடங்கள் அழிவு.

திட்டத் தலைவர் ஸ்ரீனிவாசன் நாற்காலியோடு உருண்டு வந்தார். சென்னைக்காரர், சந்தோஷம் வந்தாலும் கவலை வந்தாலும் முறுக்கு தின்பவர். அன்று இரண்டும் வந்துவிட்டதால் டப்பாவையே எடுத்து வந்திருந்தார்.

"ஒரு ஊரே காணாமப் போயிருக்கு சம்யுக்தா. ஒரு பேப்பர்லகூட வரலையே! நம்ம சிஸ்டம் மட்டும்தான் பார்த்திருக்கு. இதுதான் ஃபர்ஸ்ட் ஸ்லைடு."

அவர் குதிப்பதில் நியாயம் இருந்தது. வியாழக்கிழமை ஒரு திட்ட அலுவலகத்து அதிகாரிகள் வருகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே வரைபடம் போடப் போகிறார்கள். எந்தப் பக்கம் பஸ் விடுவது, எங்கே கிளினிக் திறப்பது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். அவர்களுக்கு இந்த முறை பிடித்தால் வரைபடம் சம்யுக்தாவுடையது. பிடிக்காவிட்டால் குழுவைக் கலைத்து அவரவர் ஊருக்கு டிக்கெட் போடவேண்டியதுதான்.

அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். சென்னை, கொச்சி, லாகூர், மணிலா என்று பல ஊர்க்காரர்கள், எல்லோரும் அடுக்குமாடிவாசிகள். டெசர்ட் சஃபாரிக்குப் போயிருக்கிறார்கள், சாப்பாடு முடிந்ததும் வண்டியில் ஏறித் திரும்பியிருக்கிறார்கள். சொந்த வீட்டையும் ஏசியையும் பூட்டிவிட்டு மணலில் போய்ப் படுப்பதை ஒருவர் ஆசை ஆசையாகச் செய்வார் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏசி இல்லாத வீட்டில் பிறந்து, கஷ்டப்பட்டு ஏசி உள்ள வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

சாயங்காலம் குவைத் ஃபர்வானியாவிலிருந்து அண்ணி பானுமதி கூப்பிட்டாள். சம்யுக்தாவின் அண்ணன் மனைவி, அங்கே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பேச்சோடு பேச்சாக சம்யுக்தா கேட்டாள்.

"அண்ணி, உங்க பக்கத்துல ஒரு ஊரையே இடிச்சுட்டாங்களாமே, நியூஸ்ல எதுவும் வந்துச்சா?"

"எந்த ஊரை?"

படத்தை அனுப்பினாள். மறுமுனையில் வந்த சிரிப்பில் அண்ணிக்குப் புரையேறிவிட்டது.

"அடியே, அது டென்ட்டுடி! குளிர் வந்தா இங்க உள்ளவங்க எல்லாம் குடும்பத்தோட போயி பாலைவனத்துல டென்ட் போட்டு உக்காந்துருவாங்க. மார்ச்சோட கலாஸ், சுருட்டிட்டு வந்துரணும். எங்க மேனேஜர் டென்ட்டுல டிவி, கார்ப்பெட்டு, பாத்ரூமு எல்லாம் இருக்கு. எங்களைக்கூட கூப்ட்டாரு. உங்கண்ணன்தான் தேள் கடிக்கும்னு வரமாட்டேன்ட்டாரு."

5

"பிக்னிக்கைப் போய்ப் பேரழிவுன்னு சொல்ல இருந்தோமா?" மறுநாள் விஷயம் தெரிந்ததும் ஸ்ரீனிவாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு முறுக்கு உடைந்தது. "போகட்டும், வியாழக்கிழமைக்கு முன்னாடி தெரிஞ்சுதே. சிம்பிள் சம்யுக்தா. ஒரே இடத்துல மூணு வருஷம் இருந்தாத்தான் அது கட்டடம். வந்துட்டு வந்துட்டுப் போறதெல்லாம் நாய்ஸ். தூக்கிடு."

[நாய்ஸ் என்றால் இங்கே சத்தம் இல்லை. கணக்கில் சேராதது, கழித்துப்போட வேண்டியது.]

ஒரு வரிதான். எழுதி ஓடவிட்டாள். குவைத்தின் கூடார ஊர் கரைந்து மணலாயிற்று. வரைபடம் கழுவித் துடைத்த சமையல் மேடை மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் கரக் டீ வரவழைத்துக் குடித்தார்கள்.

டீயோடு உட்கார்ந்து அவள் தெரிந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புது வரைபடம் வந்தால் யாராக இருந்தாலும் முதலில் தன் வீட்டைத்தான் தேடுவார்கள். அவளுடைய கட்டடம் சிவப்பு. அலுவலகம் சிவப்பு. அப்படியே முசஃபாவைத் தாண்டிப் போனாள். அவளுடைய சித்தப்பா உடையப்பன் அந்தப் பக்கத்தில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறார். அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, சிவகங்கைப் பக்கம், வெல்டர். இரும்புத் தகரத்தில் செய்த போர்ட்டாகேபின் அறைகள், நாலு வரிசை. சைட் மாறினால் கம்பெனிக்காரன் அறைகளையே லாரியில் ஏற்றி அடுத்த இடத்தில் இறக்கிவிடுவான். இப்போதைய இடத்துக்கு வந்து ஒரு வருடம் இருக்கும்.

அந்த இடம் வெளிர் மஞ்சளாக இருந்தது. வெறும் மணல்.

பதறிப்போய் மற்ற இடங்களைப் பார்த்தாள். தோஹா தொழில்பேட்டையின் ஓரம், ரியாத் போகும் சாலை, எங்கெல்லாம் போர்ட்டாகேபின் வரிசைகள் நின்றனவோ அங்கெல்லாம் மணல். மூன்று வருடம் ஒரே இடத்தில் நிற்காத எல்லாவற்றையும் மாமியார் பெருக்கித் தள்ளிவிட்டாள். உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போனை எடுத்தாள்.

"என்னத்தா, டூட்டி நேரத்துல போனு?"

"சித்தப்பா, இப்ப எங்க இருக்கீங்க?"

"ரூம்லதான். நைட் சிப்ட்டு. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. என் மேப்புல உங்க ரூம் இருக்கிற இடம் வெறும் மணலா காட்டுது."

"சரியாத்தான காட்டுது! சோத்துல மணலு, பல்லுல மணலு, தலகாணிக்குள்ள மணலு. ஒம் மிசினு கெட்டிக்காரிதான்."

"சிரிக்காதீங்க. மேப்புல ஆளே இல்லைன்னா அங்க பஸ் விடமாட்டாங்க சித்தப்பா."

"இப்ப மட்டும் விடுறானாக்கும்? மெயின் ரோடு வரைக்கும் நடராஜா சர்வீஸ்தான். ஆனா ஒண்ணுத்தா. போன மாசம் எங்க ரூம் விஜயபாஸ்கருக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரி வண்டிக்காரன் போன்ல, பாய் இங்க ஒண்ணும் இல்லையே, ஒண்ணும் இல்லையேங்கிறான். அவன் மேப்புல ஒண்ணும் இல்லையாம். நாங்க டார்ச் லைட்ட ஆட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனோம். இப்ப நல்லாருக்கான். சிகரெட்டத்தான் விடமாட்டேங்கிறான்."

சம்யுக்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டீ ஆறிப்போயிற்று.

6

இந்த இடத்தில் எனக்கு உடையப்பன்மீது சந்தேகம் வந்துவிட்டது.

விஞ்ஞானி, வரைபடம், அதில் சரியாக அவளுடைய சித்தப்பாவே காணாமல் போவது. ரொம்ப வசதியாக இல்லை? ஏழைச் சித்தப்பாவைக் கொண்டுவந்து கண்ணைக் கசக்க வைக்கிறான் என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அதனால் அடுத்த வரைவில் அவரைத் தூக்கிவிட்டேன். கேம்ப் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், சித்தப்பா மட்டும் இல்லை. கதை சுத்தமாகிவிட்டது.

பிறகு சம்யுக்தாவின் முறைப்படி இரண்டு வரைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அவர் இருந்த பக்கத்தில் இப்போது இப்படி ஒரு வாக்கியம் நின்றது: "பல தொழிலாளர்கள் விடுபட்டிருப்பதை அறிந்து அவள் வருந்தினாள்." வருந்தினாளாம்! யாருக்குப் போன் செய்தாள்? யார் எடுத்தது? சுத்தம் செய்கிறேன் என்று நானும் ஒரு மனிதரைப் பெருக்கி வெளியே தள்ளியிருந்தேன். வெட்கமாகப் போயிற்று. அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வசதியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த ஊர்களில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்கு ஒரு கேம்ப்பில் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருக்கத்தான் செய்கிறார்.

7

சம்யுக்தாவின் சிக்கல் இப்போது உங்களுக்குத் தெரியும். மூன்று வருட விதியை வைத்தால் கூடாரங்களோடு சித்தப்பாவும் போய்விடுவார். எடுத்தால் சித்தப்பாவோடு கூடாரங்களும் வந்து நிற்கும், அதிகாரிகள் முன்னால் பிக்னிக் பேரழிவாகும். மேலேயிருந்து பார்த்தால் கூடாரமும் வெள்ளை, தகரக் கூரையும் வெள்ளை. இரண்டும் மணலில் நிற்கின்றன. இரண்டும் ஒருநாள் போய்விடுகின்றன. வியாழனுக்கு அதிக நாள் இல்லை.

விஞ்ஞானிகளுக்கு யோசனை வரும் காட்சியை எழுதுவது பெரும் அவஸ்தை. குளிக்கும்போது

[வேண்டாம்.]

கனவில் ஒரு

[அதுவும் வேண்டாம்.]

அண்ணிதான் மறுபடி கூப்பிட்டாள், வம்புக்கு.

"என்னடி, உன் டென்ட்டு ஊரு சௌக்கியமா?"

"அண்ணி, மார்ச்சுக்கு அப்பறமும் டென்ட்டைப் பிரிக்காம யாராவது இருப்பாங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? சட்டமே விடாது. விட்டாலும் எவன் இருப்பான்? ஜூலையில கார் கதவைத் தொட முடியலை, கை வெந்துருது. அப்ப எங்க மேனேஜரு லண்டன்ல இருப்பாரு. நாங்க ஏசிக்குள்ள இருப்போம். மணல்ல எவன்டி இருப்பான்?"

போனை வைத்த பிறகும் சம்யுக்தா அந்தக் கேள்வியை விடவில்லை. ஜூலையில் மணலில் யார் இருப்பார்கள்?

எத்தனை வருடம் இருந்தது என்ற கேள்வியையே எடுத்துப் போட்டாள். அந்த இடத்தில் வேறு கேள்வி வைத்தாள்: ஜூலையில் இருந்ததா? அவ்வளவுதான். ஒரு சதுரம் எப்போது முளைத்திருந்தாலும் சரி, அடுத்த வருடம் போய்விட்டாலும் சரி. நெருப்பாய்க் காயும் அந்த மாதத்துப் படங்களில் அது நின்றால் அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். ஆசைக்கு வந்தவர் யாரும் அந்த மாதத்தில் அங்கே இருக்கமாட்டார். பிழைப்புக்கு வந்தவர்தான் இருப்பார்.

ஓடவிட்டாள். கூடாரங்கள் கரைந்தன. போர்ட்டாகேபின்கள் ஒவ்வொரு வரிசையாக மணலுக்குள்ளிருந்து எழுந்து வந்தன. தோஹா ஓரம், ரியாத் சாலை, கடைசியில் முசஃபாவுக்கு அப்பால் நாலு வரிசை. அவள் நாற்காலியை விட்டு எழுந்து விசிலடித்தாள். விஞ்ஞானி விசிலடிப்பாளா என்று கேட்காதீர்கள். மதுரைக்காரி அடிப்பாள்.

ஸ்ரீனிவாசன் திரையைப் பார்த்தார். பிறகு முறுக்கு டப்பாவை முழுசாக அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவருடைய அகராதியில் அதற்குமேல் பாராட்டு இல்லை.

8

வியாழக்கிழமைக் கூட்டம் கல்யாணக் களையோடு நடந்தது. கூடார ஊர்க் கதையை ஸ்ரீனிவாசன் ஒளிக்காமல் சொன்னார். குவைத்திலிருந்து வந்த அதிகாரி விழுந்து விழுந்து சிரித்து, அந்தப் புள்ளிகளில் ஒன்று என் மாமனாருடையதாகத்தான் இருக்கும் என்றார். பிறகு சம்யுக்தா ஜூலைப் படத்தைப் போட்டாள். சிரிப்பு நின்றது. எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இந்த முறைதான் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். மங்களமாக இருந்திருக்கும். ஆனால் தலைமை அதிகாரி அம்மாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"இவற்றுக்கு என்ன நிறம்? கட்டடம் என்று போட முடியாது. அஸ்திவாரம் இருந்தால்தான் எங்கள் விதியில் கட்டடம். மணல் என்றும் போட முடியாது, இப்போது நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாவதாக ஒரு நிறம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் வேண்டும். இன்றே அச்சுக்குப் போகிறது."

ஸ்ரீனிவாசன் சம்யுக்தாவைப் பார்த்தார். "உன் கண்டுபிடிப்பு. நீயே சொல்லு."

சம்யுக்தா எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

முதல் வரைவில் அவள் "தற்காலிகக் கட்டுமானம்" என்றாள். அடித்துவிட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது விமானம் ஏறியவர் சித்தப்பா. அவளுக்கே இப்போது காதோரம் நரை. இதற்குப் பெயர் தற்காலிகமா? போதாதற்கு, தற்காலிகம் என்று எழுதியிருப்பதை அடுத்து வருகிற நிரல் முதல் வேலையாகத் தூக்கிவிடும்.

இரண்டாம் வரைவில் "தொழிலாளர் முகாம்" என்றாள். தப்பில்லை. ஆனால் முகாம் என்று பார்த்தால் பஸ்காரர்களும் கிளினிக்காரர்களும், அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அடுத்த சதுரத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாம் வரைவில் அவள் "வீடு" என்றாள். எழுதியவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் முடிவு என்று பேனாவை மூடினேன். அறை கைதட்டியது, நானும் சேர்ந்து தட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உடையப்பனுக்குப் போன் செய்தேன்.

[கதாபாத்திரத்துக்கு ஆசிரியர் போன் செய்யலாமா என்றால், செய்யலாம். நம்பர் நான் கொடுத்ததுதானே.]

"உங்க இடத்துக்கு மேப்புல வீடுன்னு பேரு போடலாம்னு இருக்கோம் அண்ணே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வேணாம் தம்பி. வீடு ஊர்ல இருக்கு. எம் பொண்டாட்டி ஜெயமணி அங்கதான் இருக்கா. தினமும் வாசல் தெளிச்சு, நான் வருவேன்னு வீட்டை வச்சுக்கிட்டு இருக்கா. இதைப் போயி வீடுன்னு எழுதி, அது அவ காதுக்குப் போச்சுன்னு வையிங்க, அப்ப இங்க இருக்கிறது என்னான்னு கேப்பா. நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப என்ன பேருண்ணே போடுறது?"

"அது எனக்குத் தெரியலையே தம்பி. பேரு இல்லைன்னா வண்டி வராது, அதுவும் தெரியுது. ஒலை கொதிக்குது, வச்சிரவா?"

வைத்துவிட்டார். "வீடு" என்பதையும் அடித்துவிட்டேன். என்னிடம் இருந்த வார்த்தைகள் இவ்வளவுதான். பொய் சொல்லி முடிக்க மனமில்லை.

ஆகவே இந்த வேலை உங்களுடையது. சம்யுக்தா வாயைத் திறந்தபடி நிற்கிறாள். தலைமை அதிகாரி அம்மாள் கையில் பேனாவோடு காத்திருக்கிறார். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஜூலை மாதத்தில் அந்த மணலில் இருந்திருப்பார், இல்லாவிட்டால் நீங்களே இருந்திருப்பீர்கள். யோசித்து ஒரு பெயர் சொல்லுங்கள். நீளமானாலும் பரவாயில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு அதைப் படித்தால் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று புரிய வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தப் பெயரை உடையப்பன் போனில் ஜெயமணியிடம் சொல்ல முடிய வேண்டும்.